புருவத்து வெட்டு

தேசி மரத்தை, அதுதான் எலுமிச்சையை, வெட்டினால் உடனே வேலைக்கு எடுக்கக் கூடாது, சுவாமி. ஒரு வருடமாவது நிழலில் கிடக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் வெடிக்கும். வெடித்த கட்டையில் முகம் வெட்டினால் அச்சடிக்கும்போது கன்னத்தில் வெள்ளைக் கோடு விழும். பிறகு செத்தவனுடைய வீட்டார் வந்து என்னோடு சண்டை பிடிப்பார்கள்.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது. நீங்கள் இந்தப் பங்குக்குக் குருவாக வந்து நாலு மாதம்தான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொன்னால் அதை வெளியே எடுக்க முடியாது, எழுதித் தாரும் என்று கேட்டீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கடதாசியில் எழுதிக் கொடுத்தது எதுவும் இதுவரை எனக்கு நன்மை செய்ததில்லை. என்றாலும் எழுதுகிறேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு இருப்பது என் பழக்கம். அந்தப் பழக்கத்தால் வந்த வினைதான் இதில் பாதி.

பெயர் சந்தியோகு. ஊர் குருநகர். வயது அறுபத்தெட்டு. முதலில் பாத்திரங்களில் பெயர் வெட்டினேன். குடம், செம்பு, தாம்பாளம் எல்லாவற்றிலும் வெட்டினேன். பிறகு கனகரத்தினத்தின் அச்சகத்துக்கு மரக்கட்டையில் சின்னச் சின்னப் படங்கள் வெட்டிக் கொடுத்தேன். முகம் வெட்ட எனக்கு ஒருவரும் பழக்கவில்லை. ராணியின் தலை போட்ட பழைய ஐந்து ரூபாய் நோட்டைப் பார்த்துப் பழகினேன். மணிக்கூடு திருத்துகிறவர்கள் கண்ணில் இடுக்குகிற கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறேன். அதால் பார்த்தால்தான் அந்த முகத்தில் முகமே இல்லை, கோடுகள் மட்டும்தான் என்று தெரியும். கன்னத்தில் கோடு கன்னத்தின் வளைவோடு போகும். கழுத்தில் குறுக்கே சுற்றிப் போகும். நாடிக்குக் கீழே ஒரு வரிசையின் மேலே இன்னொரு வரிசை சரிந்து விழும். அந்தக் கட்டங்களுக்குள்ளே ஊசி முனையளவு புள்ளி இருக்கும். நெற்றிக்குப் போகப் போகக் கோடு மெலிந்து, ஓரிடத்தில் இல்லாமலே போய்விடும். அது எந்த இடத்தில் இல்லாமல் போகிறது என்று மூன்று மாதம் தேடிப் பார்த்தேன். கோடு முடிந்த பிறகும் நெற்றி தொடர்ந்து தெரிகிறது. அதை வெட்டியவன் பெரிய வேலைக்காரன்.

மரக்கட்டையில் வேலை மறுபக்கம். வெட்டின இடம் தாளில் வெள்ளையாக விழும், வெட்டாமல் விட்ட இடம் கறுப்பாக விழும். ஆகவே நான் நிழலை வெட்டுவதில்லை. வெளிச்சத்தை வெட்டி எடுக்கிறேன். குடைக் கம்பியைத் தீட்டி நானே உளி செய்துகொண்டேன்.

தொண்ணூறில் சண்டை மூண்ட பிறகு மின்சாரம் நின்றது. படத்திலிருந்து பிளாக் எடுக்கிற தகடும் திராவகமும் வருவதும் நின்றது. செத்தவர்கள் மட்டும் நிற்கவில்லை. சைவ ஆட்களுக்குச் செத்தவரின் நினைவாக அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில் படம் வேண்டும், எங்கள் ஆட்களுக்கு முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டையில் படம் வேண்டும். கனகரத்தினம் காலால் மிதிக்கிற பழைய இயந்திரத்தைத் தூசி தட்டி எடுத்தான். என் யன்னலடியில் முகங்கள் வந்து குவிந்தன. இரண்டு வருடத்தில் நூற்றுக்கு மேலே வெட்டியிருப்பேன்.

நான் வெட்டுகிற விதம் ஒன்று உண்டு. படத்தைப் பார்த்து மரத்தில் கீறுவதை நான் நம்புவதில்லை. கை பொய் சொல்லும். படத்தையே மரத்தில் முகம் கீழே இருக்கும்படி ஒட்டிவிடுவேன். காய்ந்ததும் பின்பக்கத் தாளை நனைத்து விரலால் உரித்து உரித்து எடுப்பேன். கடைசியில் படத்தின் தோல் மட்டும் மரத்தில் நிற்கும். அதன் மேலேயே வெட்டுவேன். முகம் மரத்தில் இடம் வலமாக மாறியிருக்கும், அச்சடித்தால் சரியாக வரும். ஆனால் அந்தப் படம் போய்விடும். தருகிறவர்களிடம் முதலே சொல்லிவிடுவேன். வேறு பிரதி இருக்கிறவர்கள் தருவார்கள், இல்லாதவர்கள் யோசித்துவிட்டுத் தருவார்கள்.

கத்தரீனாவுக்கு நான் அதைச் சொல்லவில்லை.

தொண்ணூற்றிரண்டு மாசியில் அவளுடைய ஒரே மகன் அடைக்கலநாதன் இரண்டு பேரோடு கடலுக்குப் போனான். இருபத்துநாலு வயது. மற்ற இருவரின் சவம் கரைக்கு வந்தது. அவன் வரவில்லை. உடைந்த வள்ளத்தின் பாதி மட்டும் வந்தது. கத்தரீனா விதவை. எங்கள் குருநகர் ஆள்தான். கோட்டைச் சண்டையில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி அரியாலையில் ஒரு சொந்தக்காரர் வளவில் இருந்தாள். மகனின் படம் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கடற்றொழிலாளர் சங்கத்தின் அட்டைக்கென்று எடுத்த இரண்டங்குலப் படம். அவளுக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. படத்தைச் சட்டைக்குள் இருந்து எடுத்துத் தடவித் தடவித் தந்தாள்.

"அண்ணை, அவன்ரை முகம் எனக்கு இதிலை தெரியுதில்லை. நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ, சிரிக்கிறானோ?"

"இல்லைப் பிள்ளை. சங்க அட்டைக்கு ஆர் சிரிப்பான்?"

"சிரிச்சிருப்பான். படக்காரன் பாக்காத நேரமாய்ப் பாத்துச் சிரிச்சிருப்பான். உவனுக்கு அதுதானே வேலை."

படம் போய்விடும் என்று சொல்லியிருந்தால் தந்திருக்க மாட்டாள். தராவிட்டால் அட்டையில் முகம் இருக்காது. முகம் இல்லாத அட்டையை வைத்து அவள் என்ன செய்வாள் என்று யோசித்தேன். அவளுக்காகத்தான் சொல்லாமல் விட்டேன்.

நல்ல முகம். நெற்றி அகலம். இடப்புருவத்தில் ஒரு வெட்டு. சின்ன வயதில் தூண்டில் இழுத்த காயம், அந்த இடத்தில் மயிர் முளைக்கவில்லை. படம் மட்டும் புது விதத் தாளில் அடித்தது. பின்பக்கம் பிளாஸ்ரிக் மாதிரி. எவ்வளவு நனைத்தும் உரியவில்லை. பூசைக்கு ஆறு நாள்தான் இருந்தது. ஆகவே முகம் மேலே இருக்கும்படி ஒட்டினேன். அப்படி ஒட்டினால் அச்சில் எல்லாம் பக்கம் மாறிவிடும். நானே மனதில் வைத்து ஒவ்வொன்றாக மாற்றி வெட்ட வேண்டும். தலை வகிட்டை மாற்றினேன். சட்டைப் பொத்தானை மாற்றினேன். வெளிச்சம் விழுந்த கன்னத்தை இருட்டாக்கி இருட்டுக் கன்னத்தில் வெளிச்சம் எடுத்தேன். நாடியின் கீழ் நிழலை மூன்று வரிசைக் கோட்டில் கொண்டு வந்தேன். நோட்டில் இருப்பதைவிட அது குறைவில்லை.

புருவத்துக்கு வந்தபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. கறுத்த புருவத்துக்குக் குறுக்கே ஒரு வெள்ளை வெட்டு. உளியை ஒரேயொரு தள்ளுத் தள்ள வேண்டும், இரண்டாவது தள்ளுக்கு இடமில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினேன். மயிரிழை பிசகாமல் விழுந்தது. கண் கண்ட இடத்திலேயே வெட்டிவிட்டேன். மாற்ற வேண்டும் என்பது நினைவில் இல்லை.

கனகரத்தினம் முதல் தாளை எடுத்துத் தூக்கிப் பிடித்தான். அப்போது தாளுக்கும் தட்டுப்பாடு, பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் அடிப்போம். நீலக் கோடு முகத்தில் விழாமல் கழுத்துப் பட்டியோடு போகும்படி நான் கட்டையை வைத்திருந்தேன்.

"சந்தியோகண்ணை, உவன் எழும்பி வந்து தன்ரை பூசைக்குக் கோயில் முன்வரிசை வாங்கிலை குந்தி இருப்பான் போலை கிடக்கு."

"பகிடியை விட்டிட்டு மையைக் குறைச்சுப் போடு."

"ஒரு முகம் வெட்டினதுக்கு ராசா மாதிரிக் கதைக்கிறியள். சரி, சரி, குறைக்கிறன்."

அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போது எனக்குத் தெரிந்தது. வெட்டு வலப்புருவத்தில் இருந்தது. பூசை அடுத்த நாள். காய்ந்த கட்டை வேறு இல்லை. அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. இருநூறு அட்டை அடித்து முடித்தோம்.

பூசைக்கு வந்தவர்கள் எல்லோரும் அட்டையைப் பார்த்து அப்படியே அவன்தான் என்றார்கள். ஒருவரும் புருவத்தைச் சொல்லவில்லை. மனிதர்கள் முகத்தை அவ்வளவுதான் பார்க்கிறார்கள். கத்தரீனா அட்டையை விரலால் தடவிக்கொண்டு, "எல்லாரும் சொல்லீனம் அண்ணை, உங்கடை கை தெய்வக் கை எண்டு" என்றாள். நான் ஓம் என்றேன்.

அந்த வருடம் ஆவணியில், கோயில் காரியங்களைப் பார்க்கிற மூப்பர் அருட்பிரகாசம் ஒரு படம் கொண்டுவந்தார். நோயாளிகளைப் பருத்தித்துறைக்குக் கப்பலில் கொண்டுவருகிற வெள்ளைக்காரத் தொண்டு ஆட்கள் கொடுத்தது. தெற்கே ஓர் ஆஸ்பத்திரியில் கிடக்கிற ஒருவன். கடலில் மிதந்தவனை யாரோ தூக்கியிருக்கிறார்கள். தலையில் அடி, பேச்சில்லை, கையில் அடையாள அட்டை இல்லை. யாருடைய பிள்ளை என்று உறுதியாகச் சொன்னால் கப்பலில் அனுப்புவார்கள். முன்பு ஒருமுறை பிழையான ஆளை ஒரு குடும்பம் கேட்டெடுத்துப் பிரச்சினை வந்ததாம். அதனால் தாயும் பங்கின் ஆட்களும் அடையாளம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்றார்கள்.

கோயில் மண்டபத்தில் பத்துப் பேர் கூடினோம். படம் மங்கல், அவனைத் தூக்கிய புதிதில் எடுத்தது. மொட்டைத் தலையில் கட்டு, முகம் வீங்கி, தாடி. ஒருவர் அவன்தான் என்றார். இன்னொருவர் அவனுடைய மூக்கு இப்படி இல்லை என்றார். தெளிவாகத் தெரிந்தது புருவத்து வெட்டு ஒன்றுதான். அது இடப்புருவத்தில் இருந்தது.

நான் கண்ணாடியை இடுக்கிப் பார்த்தேன், சுவாமி. பார்த்த உடனே தெரிந்தது. ஆறு நாள் இரவும் பகலும் அந்த முகத்தோடு இருந்தவன் நான். காதின் கீழ்ப்பக்கம் கன்னத்தில் ஒட்டுகிற விதம் ஒன்று உண்டு, அது வீக்கத்தில் மாறாது. அது அடைக்கலநாதன்.

மூப்பர் நினைவு அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இதிலை வலப்பக்கம். அதிலை இடப்பக்கம். அண்ணை, நீங்கள் படத்தைப் பாத்துத்தானே வெட்டினனீங்கள்?"

"பாத்து இல்லை. படத்துக்கு மேலையே வெட்டினனான்."

"எண்டால் மாறுறதுக்கு வழியில்லை."

"நாப்பது வருசமாய் வெட்டிறன்."

அவர் கேட்டது ஒன்று, நான் சொன்னது ஒன்று. பொய் சொல்லவில்லை. கத்தரீனா அப்போதுதான் எழும்பினாள்.

"இடப்புருவந்தான். நான் பெத்தனான், எனக்குத் தெரியாதோ? தூண்டில் இழுத்த அண்டைக்கு இந்தக் கையாலைதான் அமத்திப் பிடிச்சனான்."

இடக்கையைத் தூக்கிக் காட்டினாள்.

"பிள்ளை, நீ அவனுக்கு முன்னாலை நிண்டோ பிடிச்சனி, பின்னாலை நிண்டோ?" என்று கேட்டேன்.

"முன்னாலை. மடியிலை இருத்தி, என்னைப் பாக்க வைச்சு."

"அப்ப உன்ரை இடக்கை அவன்ரை எந்தப் பக்கத்திலை படும்?"

அவள் யோசித்தாள். தனக்கு முன்னால் ஒரு பிள்ளை இருப்பதுபோல இடக்கையை நீட்டி, வெறும் காற்றில் ஒரு நெற்றியைப் பிடித்தாள். பிறகு மற்றக் கையால் பிடித்தாள். திரும்பவும் முதல் கையால் பிடித்தாள். மண்டபத்தில் எல்லோரும் அவளுடைய கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வலப்பக்கம்" என்றாள், மெதுவாக. "அப்ப நான்தான் மாறி நினைச்சிருக்கிறன். கண்ணும் தெரியாமல் மனமும் தெரியாமல் போச்சு."

அவள் எந்தக் கையால் பிடித்தாள் என்பது இருபது வருடத்துக்கு முந்திய கதை. அது அவளுக்கே நிச்சயமில்லை. அவனுடைய இடப்புருவம் மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அதை நான் எடுத்துவிட்டேன். மூப்பர் என்னைப் பார்த்தார். "ஆள் வேறை" என்றேன். அவர் அப்படியே எழுதினார்.

ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள். சொல்கிறேன். நான் பிழை வெட்டினேன் என்று அந்த மண்டபத்தில் சொல்லியிருந்தால், என்னிடம் வந்த எல்லாத் தாய்மாரும் வீட்டுக்குப் போய்த் தங்கள் அட்டையை எடுத்துப் பார்ப்பார்கள். மச்சம் சரியோ, வகிடு சரியோ, இது என் பிள்ளைதானோ என்று பார்ப்பார்கள். அவர்களில் பாதிப் பேரிடம் வேறு படம் இல்லை. நூறு பேருக்கு அந்த அட்டைதான் பிள்ளை. ஒருவனுக்காக நூறு பேரின் பிள்ளையைக் குலைப்பதா? அப்படித்தான் நினைத்தேன். ஆஸ்பத்திரியில் அவனுக்குச் சாப்பாடும் மருந்தும் இருந்தது. இங்கே அதுவும் இல்லை.

அடுத்த வருடம் மாசியில் இன்னொரு படம் வந்தது. இதை நான் இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

மூப்பர் அப்போது பருத்தித்துறையில் இருந்தார். ஒரு கடித உறையை என்னிடம் தானே கொண்டுவந்தார்.

"கத்தரீனாவை இன்னொருக்கால் கூட்டிக்கொண்டு வந்து அழவைக்க எனக்கு மனமில்லை, அண்ணை. முகம் பாக்கத் தெரிஞ்ச ஆள் நீங்கள். நீங்கள் பாத்துச் சொன்னால் எனக்குப் போதும். அவனுக்கு இப்ப ரண்டொரு சொல்லு வருதாம். குருநகர் எண்டு சொல்லுறானாம். பாஸ்குத் திருநாளுக்கு முதல் ஒருத்தரும் கேக்காட்டில் வேறை எங்கையோ அனுப்பிப் போடுவினமாம்."

"வைச்சிட்டுப் போங்கோ. பகல் வெளிச்சத்திலை ஆறுதலாய்ப் பாக்க வேணும்" என்றேன்.

நல்ல படம், சுவாமி. வீக்கம் வற்றி, தாடி மழித்து, யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருத்தி எடுத்திருந்தார்கள். வெளிச்சம் ஒரு பக்கத்தால் விழுந்தது. கன்னம் மெலிந்துவிட்டதால் கன்னத்து எலும்பின் கீழே நிழல் படிப்படியாக இறங்கியது. முதல் படத்தில் அது இல்லை. அவன் சிரிக்கவும் செய்தான். யாரோ பக்கத்தில் நின்று ஏதோ கேட்டிருக்க வேண்டும். பழைய விதத் தாளில் அடித்த படம். பின்பக்கத்தை ஈர விரலால் தொட்டுப் பார்த்தேன். உரியும் என்று தெரிந்தது.

இரண்டு நாள் அதை மேசையில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மரத்தில் ஒட்டினேன்.

ஒன்பது நாள் வெட்டினேன். இந்தமுறை முகம் கீழே பார்க்க ஒட்டியதால் மாற்ற வேண்டிய தேவை வரவில்லை. கண்ணின் ஓரத்தில் சிரிப்புக்குச் சுருங்குகிற தோலை நாலு கோட்டில் எடுத்தேன். நெற்றியில் கோட்டை மெலியவிட்டு, ஓரிடத்தில் கை எடுத்தேன். எந்த இடம் என்று எனக்கே இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை. புருவத்து வெட்டு இடப்பக்கம் விழுந்தது.

பத்தாம் நாள் மூப்பர் வந்தார்.

"என்ன மாதிரி அண்ணை?"

"ஆள் வேறை."

"படத்தைத் தாங்கோ, திருப்பிக் குடுக்க வேணும்."

"அது தண்ணி பட்டுப் பழுதாய்ப் போச்சு."

அதுவும் பொய்யில்லை. நான்தான் நனைத்தேன். மூப்பர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். நல்ல மனிதன். ஒருவரையும் சந்தேகிக்கத் தெரியாத ஆட்கள் இந்த மாதிரி வேலைக்குப் போகக் கூடாது.

இந்தத் தையில் மரியரட்ணம் அங்கேயிருந்து திரும்பி வந்து உங்களிடம் பேசினான். அவன் அந்த ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவன். அவன் சொன்னதை நீங்கள் எனக்கு வாசித்தீர்கள். அடைக்கலநாதனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்ததாம், தன் பெயர் மட்டும் வரவில்லையாம். அம்மாவுக்குக் கண் தெரியாது, ஆராவது கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் வருவா என்று சொல்லுவானாம். ஊரில் படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஆள் இல்லை என்று இரண்டுமுறை சொல்லிவிட்டார்கள் என்று யாரோ அவனுக்குச் சொன்னார்களாம். அதற்குப் பிறகு அவன் பேசுவதை நிறுத்திவிட்டானாம். பிறகு சாப்பாட்டை நிறுத்தினானாம். போன வருடம் ஆடியில் பெயரில்லாமல் புதைத்தார்கள்.

நீங்கள் வாசிக்கும்போது நான் அழவில்லை என்று உங்களுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எனக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வந்துதான் அழுதேன். சாப்பாட்டை நிறுத்தினான் என்று கேட்டதும், அந்த மெலிந்த கன்னம் இன்னும் எவ்வளவு உள்ளே போயிருக்கும், நிழல் எங்கே வந்து நின்றிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அப்போதுதான் அழுகை வந்தது.

இரண்டாம் கட்டையில் அடித்த ஒரே தாளையும் கட்டையையும் இதோடு அனுப்புகிறேன். இரண்டு முறையும் அவன்தான் என்று எனக்குத் தெரியும். இரண்டு முறையும் இல்லையென்றேன். அவனைக் கொன்றது சந்தியோகு என்று எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். பொலிசுக்குக் கொடுப்பதானாலும் கொடுங்கள். பூசையில் எல்லோருக்கும் முன்னால் வாசிப்பதானாலும் வாசியுங்கள்.

நாளைக்கு அரியாலைக்குப் போய்க் கத்தரீனாவிடம் சொல்லப் போவதாகச் சொன்னீர்கள். சொல்லத்தான் வேண்டும். நான் பொய்க்காரன் என்று சொல்லுங்கள், கொலைகாரன் என்று சொல்லுங்கள். அவள் கல்லை எடுத்து எறிந்தால் வாங்கிக்கொள்வேன். அவளிடம் இருக்கிற அட்டையில் மட்டும் பிழை இருக்கிறது என்று சொல்லவேண்டாம், சுவாமி. அதை அவள் தாங்கமாட்டாள்.